ஃப்ளெக்ஸில் இல்லாத பிள்ளைகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் ஊர் பேருந்து நிலையத்திலிருந்து மாதா கோயில் வரை நடந்தால் ஏழெட்டு ஃப்ளெக்ஸாவது கண்ணில் படும். மேலே மாதா படம், இல்லையென்றால் சபையை நிறுவியவர் படம். கீழே வரிசையாகப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் போட்டோ. நடுவே கொட்டை எழுத்தில் ‘100 சதவீதத் தேர்ச்சி’. இந்த வருடமும் ஒன்றின் முன்னால் நின்று போட்டோக்களை எண்ணினேன். கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அந்தப் பழக்கம் போகாது. எண்ணி முடித்ததும் வழக்கமாக வரும் கேள்வி வந்தது: இதே செட்டில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?

கன்னியர் நடத்தும் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் 29 வருடம் வேலை பார்த்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே மட்டும் நடந்த விஷயமென்றால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

எட்டாவது வரை எல்லோருக்கும் பாஸ். ஒன்பதில்தான் சல்லடை. பிப்ரவரி வாக்கில் ஒவ்வொரு டீச்சரும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் ஒன்று கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு இரண்டு உபயோகம் உண்டு. ஒன்று, ஸ்பெஷல் கிளாஸ் வைக்க. இன்னொன்று, பெற்றோரைக் கூப்பிட்டு, “பாஸ் போட்டு டிசி தந்திடுறோம், பத்தாவதுக்கு வேற ஸ்கூல் பாத்துக்கோங்க” என்று சொல்ல. யாரையும் ஃபெயில் போட்டதாகக் கணக்கில் வராது. யாரையும் வெளியே அனுப்பியதாகவும் வராது. நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், போகும்போது பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலை நானும் எழுதினேன். ஒரு வருடம் என் கையெழுத்தில் இரண்டு பெயர்கள் போயின. ஒரு பிள்ளையின் அம்மா பீடி சுற்றுகிறவர். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. “டீச்சரம்மா, அவ பெரிய மார்க் எடுக்க மாட்டான்னு எனக்கும் தெரியும். சிஸ்டர்மாரு கண்ணுல இருந்தா புள்ள நல்லபடியா வளரும்னுதான் இங்க சேத்தேன்” என்றார். சொல்லிவிட்டு டிசியை வாங்கி, மடிக்காமல், பீடித்தட்டை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். அந்த வருடம் நூறு சதவீதம் வந்தது. லட்டு கொடுத்தோம். நானும் தின்றேன்.

அந்த அம்மா கத்தோலிக்கர் இல்லை. எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக்கள், கொஞ்சம் முஸ்லிம்கள். கத்தோலிக்கப் பள்ளி என்றால் என்ன என்று ஆயர்கள் எழுதிய ஏட்டைப் படிக்காமலே அந்த அம்மா சரியாகப் புரிந்துவைத்திருந்தார் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. 1965இல், உலகத்து ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வசதியில்லாத பிள்ளைகள், குடும்பத்தின் அரவணைப்பு கிடைக்காத பிள்ளைகள், நம் விசுவாசத்தில் இல்லாத பிள்ளைகள், இவர்களைத்தான் கத்தோலிக்கப் பள்ளி விசேஷமாகக் கவனிக்க வேண்டும் என்று அதிலே இருக்கிறது. நான் டிசி எழுதிய பிள்ளைக்கு இந்த மூன்றில் இரண்டு பொருந்தும். சிறுபான்மைப் பள்ளி நடத்தும் உரிமை அரசியல் சட்டம் 30ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு ஒரு ஆபத்து என்றால் ஊர்வலம் போகிறோம், போகவும் வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு கொடுத்தபோது நிர்வாகங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. அந்தச் சட்டம் ஏழைகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 25 சதவீத இடம் இல்லாமலே நாங்கள் ஏழைகளைச் சேர்க்கிறோம் என்று அப்போது மேடையில் சொன்னோம். சேர்த்தது உண்மைதான். கடைசி வரை வைத்துக்கொண்டோமா என்பதுதான் என் கேள்வி.

“அரசு ரிசல்ட் கேட்கிறது, பெற்றோர் ரிசல்ட் கேட்கிறார்கள், ரிசல்ட் இல்லாவிட்டால் அடுத்த வருடம் அட்மிஷன் விழாது, அட்மிஷன் விழாவிட்டால் டீச்சர் போஸ்ட் போகும்” என்று இந்நேரம் யாராவது கமெண்ட் அடிக்க ஆரம்பித்திருப்பீர்கள். எல்லாம் நிஜம். 2017இலிருந்து மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே நிறுத்திவிட்டது. ஆனாலும் சதவீதத்தின் பிடி தளரவில்லை. தலைமையாசிரியர் கூட்டத்தில் 98 சதவீதம் எடுத்தவரை எழுந்து நிற்கச் சொல்லி, அந்த இரண்டு சதவீதம் எங்கே என்று கேட்பதை நேரில் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தால் என்ன நடக்கும் என்பதை என் சர்வீஸின் கடைசி ஆறு வருடம் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

புதிதாக ஒரு சிஸ்டர் தலைமையாசிரியையாக வந்தார். சின்ன வயசு. முதல் ஸ்டாஃப் மீட்டிங்கில், “மார்க்குக்காக யாருக்கும் டிசி கிடையாது. ஃபெயிலானா நான் போய் நிக்கிறேன்” என்றார். ரிசல்ட் போய்விடும் என்று நாங்கள் எல்லோரும் மனசுக்குள் நினைத்தோம், நான் கொஞ்சம் சத்தமாகவே நினைத்தேன்.

அப்புறம்தான் எனக்கு வேலையே ஆரம்பித்தது. அதுவரை மெல்லக் கற்கும் பிள்ளைக்கு நாங்கள் கொடுத்தது மினிமம் மெட்டீரியல். கணக்கில் வடிவொத்த முக்கோணம் வரையவும் வரைபடம் போடவும் கை பழகிவிட்டால் எட்டும் எட்டும் பதினாறு மார்க். ஒரு மார்க் கேள்விகளில் ஏழெட்டு. இப்படிக் கூட்டி 35ஐத் தொட வைப்பது. இந்த வித்தையில் நான் கெட்டிக்காரி, பொய்யில்லை. ஆனால் முக்கோணத்தை அச்சு பிசகாமல் வரைகிற பிள்ளைக்கு ஏன் 84ஐ ஏழால் வகுக்க வரவில்லை என்று நான் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

சிஸ்டர் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் கழன்றது என்று தேடினோம். நாலாம் வகுப்பில் அம்மா இறந்து மூன்று மாதம் பள்ளிக்கு வராத பிள்ளை ஒன்று. வகுத்தல் சொல்லிக்கொடுத்ததே அந்த மூன்று மாதத்தில்தான். ஒருத்திக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண்ணாடி போட்டால் கல்யாணம் ஆகாது என்று பாட்டி தடுத்திருக்கிறாள். மூன்று பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள். முதல் இரண்டு பீரியடும் கணக்கு. பசியோடு இருக்கிறவளிடம் நான் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கான்வென்ட் சமையலறையிலிருந்து இட்லி வர ஆரம்பித்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, அதைத் தொடங்கி வைத்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு புனித அன்னாள் பள்ளியில்தான். செய்தியைப் படித்தபோது எங்கள் இட்லிதான் நினைவுக்கு வந்தது. அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே வயிறுதானே.

இன்னொரு பிள்ளை வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்வாள், எழுதினால் எழுத்து எல்லாம் இடம் மாறும். நாங்கள் ‘கவனக்குறைவு’ என்று ஒன்பது வருடமாகச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஆளும் உண்டு. 2016இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் இது ஒரு வகைக் குறைபாடாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டமும் அரசாணையும் இருந்தும் என் பள்ளியில் அதுவரை ஒருவர்கூட அப்படித் தேர்வு எழுதவில்லை. அந்த மாதிரிப் பிள்ளைகளை எல்லாம் நாமினல் ரோலுக்கு முன்பே வடிகட்டியிருந்தோம். அடையாறில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் மான்ட்ஃபோர்ட் சகோதரர்கள் நடத்தும் செயின்ட் லூயிஸ் பள்ளி மாதிரி நம்மிடம் பெருமைப்பட நிறைய இருக்கிறது. சில சமயம் அந்தப் பெருமையே சாக்காகவும் ஆகிவிடுகிறது. “அதுக்குத்தான் தனியா ஸ்கூல் இருக்கே.”

முதல் வருடம் மூன்று பேர் ஃபெயில். 112க்கு 109. சிஸ்டர் கூட்டத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கடைசி வரை எங்களிடம் சொல்லவில்லை. ஜூன் துணைத்தேர்வில் மூன்றில் இரண்டு பேர் பாஸ். எனக்கு ஆச்சரியம் அடுத்த பக்கத்தில் இருந்தது. வகுப்பின் நடுமட்டத்தில், எப்போதும் 60, 65 எடுக்கும் பிள்ளைகள், 75ஐத் தாண்டியிருந்தார்கள். என் ஊகம் இது: பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை டிசி வாங்கிப் போவதைப் பார்த்தவள், சந்தேகம் கேட்கப் பயப்படுவாள். தெரியாது என்று சொன்னால் பட்டியலில் போய்விடுவோமோ என்கிற பயம். அது போனதும் கை தூக்க ஆரம்பித்தார்கள். 23 வருடம் “டவுட் இருந்தா கேளுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த வருடம்தான் கேட்டார்கள்.

இத்தாலியக் குரு தொன் போஸ்கோ, பிள்ளைகளை அடித்து மிரட்டித் திருத்துவதற்குப் பதிலாக, தவறும் முன்பே கூட இருந்து காக்கிற முறை என்று ஒன்றைச் சொன்னார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது 1884இல் ரோமிலிருந்து அவர் எழுதிய கடிதத்தின் சாரம். அவருடைய சலேசிய சபையார் இந்தியாவில் முதலில் கால் வைத்தது 1906இல் நம் தஞ்சாவூரில். நூறு வருடத்துக்கு மேலாகக் கேட்கிற விஷயம்தான். அவர் சொன்ன ‘கூட இருப்பது’ பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தில் நடந்தது. நாங்களோ பத்தாம் வகுப்பு என்றாலே பி.டி. பீரியடைப் பிடுங்கிவிடுவோம். பிடுங்கியவர்களில் கணக்கு டீச்சருக்கே முதலிடம். அந்தப் பாவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாதியைத் தொடாமல் இந்தப் பதிவை முடித்தால் திருநெல்வேலிச் சீமைக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. வடக்கன்குளத்தில் 1870களில் கட்டிய கோயிலைப் பற்றித் தெரிந்திருக்கும். கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு பகுதி, இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும், நடுவே சுவர், ஒரு சாதி இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம். 1910இல் சுவரை இடித்தார்கள். அதற்கும் வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கோயில் சுவர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பது உட்பட. எங்கள் பள்ளியில் கயிறு கிடையாது, ரொம்ப ஒழுங்கு. ஆனால் மதியம் மரத்தடியில் யார் யாரோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் கயிறு இல்லாமலே தெரியும். அந்த வட்டங்களைக் கலைக்க அந்த சிஸ்டரும் எடுத்த முயற்சி பாதிதான் பலித்தது. வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். இந்திய ஆயர் பேரவையே 2016இல் தலித் கொள்கை ஏட்டில் திருச்சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் மரத்தடி பழையபடிதான் இருக்கிறது.

மதம் பற்றி ஒரே ஒரு விஷயம். 2024இல் ஆயர் பேரவை பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், பிற சமயப் பிள்ளைகள் மீது நம் வழக்கங்களைத் திணிக்க வேண்டாம், காலை வணக்கத்தில் அரசியல் சட்ட முகப்புரையை வாசியுங்கள், எல்லாச் சமயத்தாரும் செபிக்க ஓர் இடம் வையுங்கள் என்றெல்லாம் இருந்தது. சிலர் பயந்துபோய் எழுதியது என்றார்கள். இருக்கட்டும், எந்தக் காரணத்தால் வந்தாலும் நல்லதுதான். என் வருத்தம் அந்த ஒரு பீரியடைப் பற்றி. மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஓர் அறைக்கும், மற்றவர்கள் நன்னெறிக்கு இன்னோர் அறைக்கும் எழுந்து போவார்கள். வாரத்தில் இரண்டு முறை “நீ எங்க ஆள், நீ வேற ஆள்” என்று மணி அடித்துச் சொல்கிற மாதிரி. நல்ல சமாரியன் கதையை எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்தக் கதையின் நாயகனே வேற ஆள்தானே!

போன மாதம் முன்னாள் மாணவியர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வருட ஃப்ளெக்ஸில் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரி போடலாமே என்றேன்: ‘ஒன்பதில் 118 பேர், பத்தாவது எழுதியது 118 பேர்.’ சிலர் கை தட்டினார்கள், சிலர் மொபைலைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “டிசி வாங்கிட்டுப் போனவங்களும் நம்ம முன்னாள் மாணவிகள்தானே டீச்சர்? இந்தக் கூட்டத்துக்கு அவங்களுக்கு லெட்டர் போகுதா?”

போகவில்லை. அட்மிஷன் ரெஜிஸ்டரில் முகவரி இருக்கும். நானே வந்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பீடிக்கார அம்மா வீடு எந்தத் தெரு என்பது எனக்கு ரெஜிஸ்டர் பார்க்காமலே தெரியும்.