நூலகரிடம் கேட்கத் தயங்காதீர்கள்

கல்லூரி நூலகம் என்றாலே பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் பாடநூல் எடுக்கும் இடம் என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் ஊறிப் போயிருக்கிறது. முதலாண்டில் நூலக அட்டை வாங்குவது, கடைசி ஆண்டில் ‘நோ டியூஸ்’ படிவத்தில் கையொப்பம் பெறுவது ஆகிய இரண்டோடு எத்தனையோ பேருக்கு நூலகத் தொடர்பு முடிந்துவிடுகிறது. கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே இருப்பவற்றுள் மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்திக்கொள்வது நூலகரைத்தான்.

பாக் நீரிணை மீனவர் சிக்கலைப் புராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் மீன்பிடித் தொழில் 639.2 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டு வரலாறு 954.82 என்ற எண்ணிலும், கடல் எல்லையைப் பேசும் பன்னாட்டுச் சட்டம் 341 என்ற எண்ணிலும் இருக்கும். அவளுக்கு வேண்டிய நூல்கள் மூன்று வெவ்வேறு அடுக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. கணினிப் பட்டியலில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. தமிழ் நூல்களின் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருக்கும் கல்லூரிகள் பல. ‘மீனவர்’ என்ற சொல்லை ஒருவர் ஒரு விதமாகவும் அடுத்து வந்தவர் வேறு விதமாகவும் எழுத்துக்கூட்டியிருப்பார். அந்தப் பட்டியலோடு நாள்தோறும் புழங்கும் நூலகருக்கு இது தெரியும். அவரிடம் தலைப்பைச் சொல்லிக் கேட்டால், அரை நாள் அலைச்சல் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

இப்படி உதவுவது அவர் காட்டும் சலுகை அன்று, அவருடைய பணியே அதுதான். சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ‘வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும்’ என்பதையும் ஒன்றாக வைத்தார். வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து நூலைக் கையில் எடுத்துப் பார்க்கும் திறந்த முறையை வலியுறுத்தியவரும் அவரே. அவர் பிறந்த மண்ணிலேயே மாணவரை உள்ளே விடாமல், சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு நூலை நீட்டும் கல்லூரிகள் இன்னும் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நூல் தொலைந்தால் இருப்புச் சரிபார்ப்பின்போது பதில் சொல்ல வேண்டுமே என்ற நூலகரின் அச்சம் நியாயமானது. ஆனால் மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, ஓர் ஆண்டில் வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைவதை, நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதபோது, இயல்பான இழப்பாக ஏற்கின்றன. கல்லூரி நிர்வாகங்களும் இந்த மனப்பாங்கோடு நூலகருக்குத் துணை நிற்க வேண்டும்.

மின்னூல், ஆய்விதழ் போன்ற மின்வளங்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. கல்லூரிகளுக்காகவே, உயர்கல்வி நூலகங்களை இணையவழி இணைக்கும் காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் 2010-இல் தொடங்கிய என்-லிஸ்ட் திட்டத்தில் கல்லூரி உறுப்பினராக இருந்தால், மாணவர் தம் பெயரில் பயனர் கணக்கு பெற்று வீட்டிலிருந்தே மின்னூல்களைப் படிக்கலாம். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. மக்கள் வரிப்பணத்தில் வாங்கப்பட்ட இவை நம் மாணவர் கைக்கு வந்து சேராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், கணக்கு வேண்டும் என்று யாரும் கேட்காததும், கேட்கலாம் என்று யாரும் சொல்லாததும்தான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்துக்குக் கணக்குகூடத் தேவையில்லை. கைப்பேசியிலேயே திறந்து, ஓர் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலைப் பார்த்தால், அந்தத் துறையில் எவற்றைப் படிக்க வேண்டும் என்ற வழி புலப்படும்.

குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்குத்தான் கேட்பதில் தயக்கம் அதிகம். ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைப்பார்களோ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே முதல் பருவத்திலேயே ஆசிரியர்கள் வகுப்போடு நூலகத்துக்குச் சென்று, ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியாவது நூலகரிடம் கேட்கும்படி செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

திறந்திருக்கும் நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பு முடியும்போதே நூலகமும் பூட்டப்படுமானால் மாணவர் எப்போதுதான் படிப்பது? பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் போக, விடுதி மாணவர்களும் அருகில் வசிப்பவர்களும் மாலையில் வரத் தயாராகவே இருக்கிறார்கள். அதற்குக் கூடுதல் பணியாளர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் நூலகப் பயன்பாடும் கணக்கில் வருவதால், மாணவர்கள் கையொப்பமிட்டு நூலகக் குழுவிடம் கொடுக்கும் மனுவை எந்தக் கல்லூரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பருவத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களான நாங்களும் அதில் கையொப்பமிடுகிறோம்.