மெக்காலேவுக்கு முன்பே இராமநாதபுரத்தில்

ஆங்கிலக் கல்வி குறித்துப் பேச்செடுத்தாலே, 1835 பிப்ரவரியில் ஆங்கிலேய அதிகாரி மெக்காலே இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வியை வலியுறுத்தி எழுதிய குறிப்பில் தொடங்கி, அவரைத் திட்டித் தீர்த்ததோடு முடித்துக்கொள்கிறோம். மற்றவர்கள் அப்படிப் பேசலாம், இராமநாதபுரத்துக்காரர்கள் பேசலாமா? அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே, 1785இல், நம் ஊரில் ஆங்கிலப் பள்ளி தொடங்கிவிட்டது. தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த ஜான் சல்லிவன் திட்டம் வகுக்க, ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் அதை நடத்திக் காட்டினார். பின்னாளில் அப்துல் கலாம் இராமேஸ்வரத்திலிருந்து வந்து படித்த சுவார்ட்ஸ் பள்ளி அதன் வழிவந்ததுதான். துபாஷிகளின் (மொழிபெயர்ப்பாளர்களின்) தயவின்றி உள்ளூர் மக்களோடு நேரடியாகப் பேச வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. பாதிரியாருக்கு வேறு கணக்கு. 1787இல் இத்தகைய பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 250 வராகன் மானியம் ஒதுக்கிய அதே கம்பெனிதான், 1795இல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறைவைத்தது.

ஆகவே, கற்பித்தவர்களின் நோக்கம் பற்றி எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. என் ஆதங்கம் கற்பிக்கும் முறையைப் பற்றியது. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தருவதையும் அதோடு சேர்த்து அவர் வகுத்த முறை, ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. பிறகு 1979 முதல் 1984 வரை, கல்வியாளர் என்.எஸ்.பிரபு பெங்களூர், சென்னைப் பகுதிப் பள்ளிகளில், இலக்கண விதிகளை ஒதுக்கிவைத்து, வரைபடத்தையும் ரயில் கால அட்டவணையையும் கொடுத்து, பிள்ளைகளை யோசிக்க வைத்தே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் அந்தச் சோதனை இன்றும் பேசப்படுகிறது.

நம் வகுப்பறைக்கோ இந்த இரண்டு முறைகளும் வந்து சேரவில்லை. கரும்பலகையில் இருக்கும் விடையை எழுதி, கட்டுரையை உருப்போட்டு, பொதுத்தேர்வில் இறக்கிவைக்கிறோம். இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கும் பாசிமணியும் விற்கும் சிறுவர்கள், எந்தப் பாடநூலும் இல்லாமல், வடநாட்டு யாத்ரீகர்களிடம் இந்தியில் பேரம் பேசுகிறார்கள். (இதை இந்தித் திணிப்புக்கான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) அதே சிறுவர்கள் பத்தாண்டு ஆங்கிலம் படித்தும் ஒரு வெளிநாட்டுப் பயணிக்கு வழி சொல்லத் தயங்குகிறார்கள் என்றால், குறை அவர்களிடம் இல்லை.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் பரவலாகத் தொடங்கப்பட்ட ஆங்கில வழிப் பிரிவுகள் இதற்கு மருந்தாகும் என்று நான் நம்பவில்லை. புரியாத மொழியில் அறிவியலையும் உருப்போட வைத்தால், இரண்டுமே போய்விடும். பயிற்றுமொழி தமிழாகவே இருக்கட்டும். ஆங்கிலப் பாடவேளையை மாற்றுங்கள். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, மண்டபம் வழிச் செல்லும் ரயில்களின் நேரம், ஏற்றுமதியாகும் நண்டின் விலை என்று கரையோரப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதிகளை ஆங்கிலத்தில் பேச வைக்கலாம். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், அதுவும் நியாயமே. பெரும்பாலும் எழுத்தையே அளக்கும் பொதுத்தேர்வில் பேச்சுக்கும் உரிய மதிப்பெண் ஒதுக்கினால், அந்த நேரம் தானாகக் கிடைக்கும்.