வாசல் விளக்கை அணைத்த பிறகு

அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று எங்கள் தெருவில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் பகுதியில், வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வரும் குழந்தைகளின் கூட்டம் எட்டு, எட்டரைக்குள் அடங்கிவிடும். வாசல் விளக்கு எரிந்தால் மிட்டாய் உண்டு, அணைந்திருந்தால் கதவைத் தட்டக்கூடாது என்பது இங்கே யாரும் எழுதிவைக்காத விதி. கடைசிக் குழந்தையும் போனதும் விளக்கை அணைத்து, பரங்கிக்காய்க்குள் எரியும் மெழுகுவத்தியை ஊதிவிட்டு உள்ளே வருவேன். காயின் மூடி உள்பக்கம் கருகியிருக்கும், சுட்ட காய் வாசனை லேசாக வரும். எனக்கு ஹாலோவீன் ராத்திரி அந்த வாசனையில்தான் தொடங்குகிறது. அப்புறம்தான் படம்.

ஒவ்வொரு வருஷமும் இந்த வாரத்தில் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்வி. "வீட்டில் பார்க்கிற மாதிரி நல்ல பேய்ப்படம் சொல்லு." போன வாரம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு பதில் அனுப்புவதைவிட இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

இருப்பதிலேயே பயங்கரமான படம் எது என்று தேடாதீர்கள். வீட்டுக்குள் நடக்கிற படமாக, காது வழியாகப் பயத்தை ஏற்றுகிற படமாகத் தேடுங்கள். பதினைந்து வருஷமாக ஹாலோவீனுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து படம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்.

தியேட்டரில் பயப்படுவது வேறு. முந்நூறு பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், திரை சுவர் அளவு இருக்கும், திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம் வந்தால் ஓடுவதற்கு இடமில்லை. வீட்டில் அந்த 'டமார்' எடுபடாது. முதல் தடவை திடுக்கிடுவோம், இரண்டாவது தடவை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். ஆனால் தியேட்டரில் கிடைக்காத ஒன்று வீட்டில் இருக்கிறது. படத்தில் மாடிப்படி கிரீச்சிட்டால், நம் முதுகுக்குப் பின்னாலும் ஒரு மாடிப்படி இருக்கிறது.

அந்தத் 'திடுக்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' பாருங்கள். 73 நிமிஷம்தான். தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் டூர்னர். சின்ன பட்ஜெட் என்பதால் கதையில் வரும் சிறுத்தையைப் பெரும்பாலும் காட்டாமல் நிழலையும் சத்தத்தையும் வைத்தே படத்தை ஓட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் ராத்திரியில் பூங்காச் சுவரை ஒட்டித் தனியாக நடந்து போகிறாள். அவளுடைய செருப்புக் குதிகாலின் 'டக் டக்'. பின்னால் இன்னொரு ஜோடி 'டக் டக்'. கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது. இவள் நடையை வேகமாக்குகிறாள். ஒரு சீறல் கேட்கிறது. புலியோ சிறுத்தையோ என்று நாம் நினைக்கும்போது ஒரு பஸ் பிரேக் போட்டு வந்து நிற்கிறது. இந்த உத்திக்கே சினிமாக்காரர்கள் 'லூட்டன் பஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். எண்பது வருஷமாக ஆளாளுக்கு அந்தப் பஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் வருகிற அந்த நடையை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் பயம் முழுக்க அந்த நடையில்தான் இருக்கிறது.

சரி, இந்த ராத்திரியின் பேரையே கொண்ட படத்துக்கு வருவோம். ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்', 1978. சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், இலையுதிர் காலத்தில். எடுத்ததோ கலிபோர்னியாவில், வசந்தத்தில். அதனால் சருகுகளுக்குப் பெயின்ட் அடித்துத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த காட்சிக்கு மறுபடி கொட்டியிருக்கிறார்கள். கொலைகாரனின் முகமூடி கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' டிவி தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி. அதற்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். இசை சேர்ப்பதற்கு முன் படத்தைப் பார்த்த ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் பயமே வரவில்லையாம், கார்ப்பென்டரே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அவரே உட்கார்ந்து போட்ட இசைதான் அந்த ஐந்து தட்டுப் பியானோ. நாலு நாலாகத் தாளம் போட்டுப் பழகிய காதுக்கு அதில் எப்போதும் ஒரு தட்டு கூடுதலாகவே இருக்கும்.

ஆனால் நான் இதைச் சிபாரிசு செய்வது அதன் கடைசி ஒரு நிமிஷத்துக்காக. முடிவைச் சொல்லாமல் இதைச் சொல்கிறேன். படம் முடியும்போது கேமரா அதுவரை நாம் பார்த்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். ஆள் இல்லாத கூடம், ஆள் இல்லாத மாடிப்படி, வெளியே தெரு, வீடுகள். அவற்றின் மேல் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். முகமூடிக்குள்ளிருந்து வருகிற மூச்சு. அதைக் கேட்டுவிட்டு டிவியை அணைத்தால் மிச்சம் இருப்பது நம்முடைய கூடமும் நம்முடைய மாடிப்படியும்தான்.

என் பட்டியலில் முதலிடம் இதற்கும் கிடையாது, 1963-இல் ராபர்ட் வைஸ் எடுத்த 'தி ஹான்டிங்' படத்துக்குத்தான். (1999-இல் அதே பேரில் வந்ததை எடுத்துவிடாதீர்கள். அதில் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள்.) ஷெர்லி ஜாக்சனின் நாவலை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பேய் என்று ஒன்றைக் கடைசிவரை நம் கண்ணில் காட்டவே மாட்டார்கள். இரண்டு பெண்கள் ஒரே கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வராந்தாவின் அந்தக் கோடியில் சுவரில் ஓர் இடி. அடுத்த கதவில் ஓர் இடி. அப்புறம் அதற்கடுத்த கதவில். சத்தம் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று நம் காது தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். வந்து நின்றதும் கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பும். அவ்வளவுதான் காட்சி. நான் ஏழெட்டு தடவை பார்த்திருப்பேன், இன்றைக்கும் அந்த இடத்தில் காலை சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

ராபர்ட் வைஸ் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் ஒலிப் பிரிவில் வேலை பார்த்து, எடிட்டராகி, 'சிட்டிசன் கேன்' படத்தையே எடிட் செய்தவர். அவருக்கு முதன்முதலில் இயக்கும் வாய்ப்பைக் கொடுத்தவர் அந்த 'பஸ்' லூட்டன்தான். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'குக்கும் நடுவில்தான் இதை எடுத்திருக்கிறார். அந்த இரண்டையும் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 1961-இல் வந்த 'தி இன்னொசென்ட்ஸ்'. ஹென்றி ஜேம்ஸ் கதை, டெபோரா கெர் நடித்தது. தொடக்கத்தில் திரை முழுக்க இருட்டாக இருக்கும், ஒரு சிறுமி பாடுவது மட்டும் கேட்கும். டிவி நின்றுவிட்டதோ என்று எழுந்துவிடாதீர்கள். அந்த இருட்டையும் முழுசாகக் கேளுங்கள்.

ஜப்பானிய 'ரிங்கு' (1998, ஹிதேயோ நகாட்டா) பலரும் பார்த்திருப்பீர்கள், அல்லது 2002-இல் வந்த அமெரிக்கப் பதிப்பைப் பார்த்திருப்பீர்கள். இதை ஜப்பானிய மொழியிலேயே பாருங்கள், போனிலோ லேப்டாப்பிலோ பார்க்காமல் கூடத்து டிவியில் பாருங்கள். அது ஏன் என்று படத்தின் கடைசிப் பகுதியில் தெரிந்துவிடும். அதில் வரும் பேயின் நடை மனித நடையாக இல்லாமல் ஒரு மாதிரி இழுத்து இழுத்து இருப்பதற்குக் காரணம், நடிகையைப் பின்பக்கமாக நடக்கவிட்டுப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகும் எனக்குப் பயம் குறையவில்லை. நாங்கள் பார்த்த அன்று படம் முடிந்து டிவியை அணைத்ததும் அந்தக் கருந்திரையில் எங்கள் இருவரின் உருவமும் மங்கலாகத் தெரிந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் எழுந்து விளக்கைப் போட்டாள்.

ஓடிடி சந்தா எதுவும் இல்லையா? ஜார்ஜ் ரொமெரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) இணையத்தில் முழுப்படமாக, சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் வைத்திருந்த தலைப்பை விநியோகஸ்தர்கள் மாற்றியபோது புது டைட்டில் கார்டில் காப்புரிமை வரியைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு அதனால் போன பணம் கொஞ்சநஞ்சமில்லை, அதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பண்ணைவீடு ஒன்றில் மாட்டிக்கொண்ட ஏழு பேர், ஜன்னலுக்குப் பலகை அடிக்கும் சத்தம், மூலையில் ஓயாமல் செய்தி சொல்லும் ரேடியோ. டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர்தான் நாயகன். கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு அது எந்த வருஷம் வந்த படம், எந்த நாட்டில் வந்த படம் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்ததற்கு வருகிறேன். இது தியேட்டருக்கு வந்த படமே இல்லை. 1992 அக்டோபர் 31, சனிக்கிழமை ராத்திரி பிபிசியின் முதல் சானலில் 'கோஸ்ட்வாட்ச்' என்று ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். லண்டன் புறநகரில் பேய் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு சாதாரண வீடு, அங்கிருந்து நேரலை என்கிற தோற்றம். ஸ்டுடியோவில் மைக்கேல் பார்க்கின்சன், அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த பேட்டியாளர். வீட்டுக்குள் சாரா கிரீன், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பார்த்துப் பழகிய முகம். எல்லாமே எழுதி வைத்து, முன்கூட்டியே படம் பிடித்தது. எழுதியவர் ஸ்டீபன் வோல்க், இயக்கியவர் லெஸ்லி மானிங். ஆனால் பார்த்த ஏராளமானோர் நிஜ நேரலை என்றே நம்பிவிட்டார்கள். திரையில் காட்டிய போன் நம்பர் பிபிசி வழக்கமாகக் கொடுக்கும் நிஜ நம்பர். கூப்பிட்டவர்களுக்கு இது கற்பனை என்று சொல்வதற்கு ஆள் வைத்திருந்தும், லைன் கிடைக்காமல் பலர் தவித்தார்கள். பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவேயில்லை. டிஸ்க்கில் வெளியானதால்தான் இன்று நாம் பார்க்க முடிகிறது.

அந்த வீட்டுப் பிள்ளைகள் பேய்க்கு வைத்த பேர் 'பைப்ஸ்'. ராத்திரியில் சத்தம் கேட்டு அவர்கள் பயந்தபோது, "அது பைப் சத்தம்மா, தூங்குங்க" என்று அம்மா சொன்னதிலிருந்து வந்த பேர். இதைவிட நெருக்கமாக ஒரு பேய்க்குப் பேர் வைக்க முடியாது என்று நினைக்கிறேன். எந்த வீட்டு அம்மாவும் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை அது.

எங்கள் வீடு பழையது, நீராவி ரேடியேட்டர் உள்ளது. அக்டோபர் கடைசியில்தான் முதல் தடவையாக ஹீட்டிங் போடுவோம். குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் நீராவி போய் மோதும்போது சுவருக்குள்ளிருந்து யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும். போன வருஷம் 'கோஸ்ட்வாட்ச்' பார்த்துக்கொண்டிருந்தபோது, படத்தில் பைப் பற்றிப் பேசிய கொஞ்ச நேரத்தில் எங்கள் மாடியில் மூன்று அடி கேட்டது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். அது என்ன சத்தம் என்று இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் யாரும் மேலே போய்ப் பார்க்கவில்லை.

இதைக் குழந்தைகளுக்கு மட்டும் காட்டாதீர்கள், தயவுசெய்து. நான் சும்மா சொல்லவில்லை. இந்த நிகழ்ச்சியைப் பார்த்து மனநலச் சிகிச்சை தேவைப்பட்ட பத்து வயதுப் பையன்கள் இருவரைப் பற்றி 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தெரிந்த முகம் நேரலையில் வந்து சொல்லும்போது அந்த வயதில் நம்பாமல் எப்படி இருக்க முடியும்? பெரியவர்கள் மட்டும் இருக்கும் ராத்திரியில் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதும் முக்கியம். போன்களைச் சமையலறையில் வைத்துவிட்டு வாருங்கள். டிவி, சவுண்ட்பாரில் 'நைட் மோட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது முணுமுணுப்பையும் அலறலையும் ஒரே அளவாக்கிவிடும், அப்புறம் கேட்க என்ன இருக்கிறது? இன்னொன்று, ஆங்கிலப் படத்துக்கு எல்லாரும் சப்டைட்டில் போட்டுக்கொள்கிறோம், நானும்தான். ஆனால் பேய்ப்படத்தில் அது 'கதவு கிரீச்சிடுகிறது' என்று கதவு கிரீச்சிடுவதற்கு அரை நொடி முன்னாலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் வருகிற மாதிரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு படம் போதும். மூன்றை வரிசையாகப் பார்த்தால் மூன்றாவது படத்தில் பயம் மரத்துப்போய்விடுகிறது.

எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. இந்த வருஷம் தானும் உட்கார்ந்து பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். அவளுக்காக 'தி அதர்ஸ்' (2001) எடுத்து வைத்திருக்கிறேன். ரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை. 1945, ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சித் தீவில் மூடுபனிக்குள் ஒரு பெரிய வீடு. வெளிச்சம் பட்டால் உடம்புக்கு ஆகாத இரண்டு பிள்ளைகள், அவர்களுடைய அம்மாவாக நிக்கோல் கிட்மன். ஒரு கதவைப் பூட்டாமல் இன்னொரு கதவைத் திறக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். இயக்கிய அலெஹாந்த்ரோ அமெனாபாரே இசையும் அமைத்தார், அதனால் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கதையை அவளிடம் சொல்லவில்லை, பழைய வீடு, சத்தங்கள் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பா, ஹீட்டிங்கை முன்னாடியே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அன்னிக்கு ராத்திரி சத்தம் வந்தா எது எதுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

நேற்று சாயங்காலம் போட்டோம். அவளும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தோம். முதலில் ஒரு சீறல், அப்புறம் மூன்று அடி, கொஞ்சம் விட்டு ஒரு பெரிய அடி. ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள்.