சம்கீலாவை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்?

பஞ்சாபிப் பாடகர் சம்கீலாவைப் பற்றிய 'அமர் சிங் சம்கீலா' படத்தை ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் பாதியில் நிறுத்தியது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எழுந்து நின்று நிறுத்தச் சொன்னது யார் என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. "இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் எதற்குப் படம்?"

ஒருவரைப் பற்றிப் படம் எடுப்பது அவருக்கு நற்சான்றிதழ் கொடுப்பது ஆகாது. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அமர் சிங் சம்கீலா உத்தமர் என்று இயக்குநர் இம்தியாஸ் அலி எங்கே சொல்கிறார்? லூதியானா பக்கம் துக்ரியில் ஒரு தலித் குடும்பத்தில் தனி ராம் என்ற பெயரில் பிறந்து, மில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டியவர். கள்ளக்காதல், குடி, கொழுந்தியா மேல் ஆசை என்று ஊர் வாய்க்குள் முணுமுணுத்ததை எல்லாம் தும்பி என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு மேடையில் பாடினார். வீட்டில் மனைவி இருக்க, கூடப் பாடிய அமர்ஜோத்தையும் கல்யாணம் செய்துகொண்டார். படம் எதையும் மறைக்கவில்லை. 1988 மார்ச் 8 அன்று பஞ்சாபின் மெஹ்சம்பூரில் கச்சேரிக்குக் காரை விட்டு இறங்கிய இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். சம்கீலாவுக்கு 27 வயது. சுட்டவர் யார் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை.

"பெண்களைக் கேவலப்படுத்தும் பாட்டுகள்தானே" என்கிறீர்கள். சில வரிகள் எனக்கும் கூசுகின்றன, ஒத்துக்கொள்கிறேன். முதல் மனைவியைப் படம் சீக்கிரம் தாண்டிப் போனது எனக்கும் உறுத்தல்தான். அதையெல்லாம் பேசத்தானே படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம்? முழுசாகப் பார்க்காமல் எதைப் பேசுவது?

படத்துக்கு இசை போட்ட ரஹ்மான் மேல் பைத்தியம் என்பதால் வக்காலத்து வாங்குகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். ரஹ்மானுக்காக மட்டும் என்றால் வீட்டில் ஹெட்போனில் கேட்டிருப்பேனே.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா தவில்காரர். குடிப்பார். பெரியம்மாவை அடிப்பார், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் அதே பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து அவர் விரல்களுக்குக் கூடு சுற்றுவார். துணிப்பட்டையைப் பசையில் தோய்த்து, ஒவ்வொரு விரலுக்கும் அளவு பார்த்து, இறுக்கமாக. கன்னத்தில் வீக்கம் அப்படியே இருக்கும். அன்று ராத்திரி சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிக்குப் பெரியப்பா கை வைத்தால் தெருவே நின்றுவிடும். வீட்டில் நாங்கள் அடியை மட்டும் பேசினோம், ஊரில் வாசிப்பை மட்டும் பேசினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. அவர் வாசித்ததில் ஒரு கேசட்கூட இல்லை. பதிவு செய்யலாமா என்று நான் கேட்டபோது, "குடிகாரனுக்கு எதுக்குடா இதெல்லாம்" என்றார் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை என் காதில் விழுந்தது அந்தக் குரல்தான்.

இன்னொன்று. பஞ்சாபில் அந்த மாதிரி ஜோடிப் பாட்டு பாடியவர் சம்கீலா ஒருவர் மட்டும் இல்லை. மிரட்டல் வந்த பிறகு அவர் பக்திப் பாட்டும் பாடினார், அதுவும் விற்றது. ஆனால் மேடைக்கு முன்னால் நின்ற கூட்டம் பழைய பாட்டைத்தான் கேட்டது. கேட்டவர்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை, பாடினவன் மட்டும் ஆபாசக்காரன்! நம் ஊரில் கரகாட்டக்காரர்களுக்கு நடப்பதும் இதேதானே? விடிய விடிய முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள்தான் விடிந்ததும் அந்தப் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள். இவர்களை நிறுத்தச் சொல்லி யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

நீங்கள் நிறுத்தச் சொன்னது சம்கீலாவுக்கு மிரட்டல் வர ஆரம்பிக்கும் இடத்தில். அவர் பயந்ததை, மன்னிப்புக் கேட்டதை, திரும்பவும் மேடை ஏறியதை நீங்கள் பார்க்கவே இல்லை.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் அந்த இடத்திலிருந்து போடுகிறேன். பதினைந்து பேர் உட்காரலாம். நிறுத்தச் சொன்னவரும் வரவேண்டும், அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.