எண்டோராமாவை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்

நேற்று ராத்திரியிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தத் தரவரிசையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், க்ரியேட்டர் என்ற ஜெர்மன் த்ராஷ் (அதிவேக மெட்டல்) குழுவின் ஆல்பங்களை ஒருவர் வரிசைப்படுத்தியிருக்கிறாரே, அது. முதலிடத்தைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. 'ப்ளெஷர் டு கில்' மேலே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், 1986-இல் அப்படி ஒரு ஆல்பம் போட்டவர்களுக்கு அந்த இடம் தகும். ஆனால் மற்ற ஆல்பங்களுக்கெல்லாம் பத்தி பத்தியாக எழுதத் தெரிந்தவர், கடைசி இடத்தில் 'எண்டோராமா'வைப் போட்டு "தாண்டிப் போங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அதில் ஒருவர், "நான் கேட்டதே இல்லை, ஆனால் குப்பை என்று தெரியும்" என்கிறார். அதற்கும் இதயம் போட்டிருக்கிறார்கள்.

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கேட்காமலே தள்ளுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஆல்பம் எங்கே வருகிறது என்று பாருங்கள். எஸன் நகரத்துப் பையன்கள் 1985-இல் 'எண்ட்லெஸ் பெய்ன்' என்று தொடங்கி, 1990-இல் 'கோமா ஆஃப் சோல்ஸ்' வரைக்கும் வேகத்தில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டார்கள். 1992-இல் 'ரினீவல்', அதிலேயே இயந்திரச் சத்தம் போன்ற இண்டஸ்ட்ரியல் வாசனை வந்துவிட்டது. 1995-இல் 'காஸ் ஃபார் கான்ஃப்ளிக்ட்'. 1997-இல் 'அவுட்காஸ்ட்', அதில் வேகம் இன்னும் குறைந்தது. அதற்கு அடுத்ததுதான் 1999-இல் வந்த 'எண்டோராமா'. ஏழு வருடமாகப் படிப்படியாக நகர்ந்து வந்த இடம் அது. ஏதோ ஒருநாள் காலையில் எழுந்து கறுப்பு மை தீட்டிக்கொண்டு கோதிக் (இருண்ட, சோகமான ராக்) பக்கம் ஓடிவிட்டார்கள் என்பதுபோல் பேசுகிறீர்களே, நடுவில் உள்ள மூன்று ஆல்பங்களை யார் கேட்பது?

ஆளைப் பாருங்கள். கிடாரில், குழுவின் பாடகர் மில்லே பெட்ரோஸாவோடு இருந்தவர் டாமி வெட்டர்லி. கொரோனர் என்ற ஸ்விஸ் த்ராஷ் குழுவின் அதே வெட்டர்லி. 1989-இல் 'நோ மோர் கலர்' ஆல்பத்தில் அவர் வாசித்த வேகத்தையும் நுணுக்கத்தையும் இன்றைக்கும் கிடார் பிள்ளைகள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு ஆல்பம் முழுக்க அடக்கி வாசிக்கிறார் என்றால், வாசிக்கத் தெரியாமலா அடக்குகிறார்?

இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) செத்துப்போச்சு" என்று சொல்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

த்ராஷ் ரிஃப் எப்படி வேலை செய்கிறது? நிமிடத்துக்கு 200 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு நாலு அடி வாசித்தால் நொடிக்குப் பதின்மூன்றுக்கு மேல் விழும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 75 மில்லி நொடிதான். அந்த இடைவெளியில் எந்த ஸ்வரமும் நின்று ஒலிக்காது. உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பகுதி) மேல் வைத்து அமுக்கி, தந்தியை வெட்டி வெட்டித்தான் வாசிக்க முடியும். அதனால்தான் பாம் மியூட். ஸ்வரமும் பெரும்பாலும் பவர் கார்டுதான், நம் பாஷையில் சொன்னால் ச-வும் ப-வும் மட்டும். காரணம் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டால் இரண்டு ஸ்வரங்கள் உரசி, அவற்றின் வித்தியாசம் மூன்றாவது ஒலியாக அடியில் கேட்கும். ச-ப விகிதம் 3:2. அந்த வித்தியாச ஒலி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ச-வாகவே விழுந்து, கார்டு இன்னும் கனமாகிவிடும். கிடார் ஃப்ரெட்டில் பஞ்சமம் சுத்த விகிதத்திலிருந்து 2 சென்ட்தான் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகும். காந்தாரத்தைச் சேர்த்தால் விலகல் 14, 16 சென்ட் வரைக்கும் போகும். அடியில் வரும் வித்தியாச ஒலி சுருதி தப்பிக் கலங்கலாகக் கேட்கும். ஆகவே, அதிக டிஸ்டார்ஷன் இருக்கும் வரை சோகமா சந்தோஷமா என்று காட்டும் அந்தக் காந்தாரத்தை முழு கார்டில் வைப்பது கஷ்டம்.

எண்டோராமா செய்தது இதுதான்: வேகத்தைக் குறைத்து, காந்தாரத்துக்கு இடம் கொடுத்தது. தாளம் பாதியானால் ஸ்வரம் நின்று ஒலிக்க நேரம் கிடைக்கிறது. கார்டைச் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்து வாசித்தால், டிஸ்டார்ஷனிலும் கலங்காது. மிச்ச நிறத்தைக் கீபோர்டு தருகிறது. அதனால்தான் கிடார் பல இடத்தில் பின்னால் போய்ச் சுவர்போல் நிற்கிறது. அதைச் சோம்பல் என்று நினைக்கிறீர்கள். எல்லாரும் முன்னால் நின்றால் எதுவும் கேட்காது என்பது ஒலிப்பதிவு செய்யும் யாருக்கும் தெரியும்.

ஒரு குழுவில் கிடார் வாசிக்கும் தம்பி, தலைப்புப் பாட்டை வாசிக்கப் பார்த்துவிட்டு "வரவே இல்லைண்ணா, ஆல்பமே மோசம்" என்று எழுதியிருந்தார். தம்பி, உங்கள் காணொளியைப் பார்த்தேன். கெய்ன், அதாவது டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழ், ஒன்பதில் நிற்கிறது. ஸ்வரத்தைப் பிரித்து வாசிக்கும்போது அவ்வளவு கெய்ன் வைத்தால், விடுபட்ட தந்திகள் எல்லாம் சேர்ந்து முனகும். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் இறக்குங்கள். நடு அலைவரிசைக் குமிழை மூன்றிலிருந்து ஆறுக்கு ஏற்றுங்கள். இடது கை ஆள்காட்டி விரல் நுனியால் மேலே உள்ள தந்தியைத் தொட்டு அடக்குங்கள். அப்புறம் வாசித்துப் பாருங்கள். இது கஷ்டமான வாசிப்புதான், வேகமாக இல்லாததால் கஷ்டம் வெளியே தெரியவில்லை.

கேட்பவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். மெட்டல் கேட்பதற்கென்று ஃபோனில் ஈக்வலைசரை 'V' மாதிரி வளைத்து வைத்திருப்பீர்கள். 80 ஹெர்ட்ஸ் பக்கம் மேலே, 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் மேலே, நடுவில் 400 முதல் 2,000 வரை பள்ளம். டபுள் பேஸ் டிரம்மும் சிம்பலும் பளிச்சென்று கேட்பதற்கு அது சரி. ஆனால் மனிதக் குரலின் சொற்கள், கீபோர்டு, கிடாரின் உடல் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. இந்த ஆல்பத்தின் உயிரே அங்கேதான். அதை 5, 6 டெசிபல் வெட்டிவிட்டு "தட்டையாக இருக்கிறது" என்றால் யார்மேல் தப்பு?

ஆகவே கேட்பதாக இருந்தால் இப்படிக் கேளுங்கள். ஈக்வலைசரை அணையுங்கள். ஷஃபிளை அணையுங்கள். 'ப்ளெஷர் டு கில்' முடிந்த கையோடு போடாதீர்கள், அந்த வேகம் காதில் இருக்கும்வரை எதுவும் நொண்டுவதுபோல்தான் தோன்றும். முதலில் 'அவுட்காஸ்ட்'டில் நாலு பாட்டு, பிறகு இது. வேறு ஆல்பத்தோடு ஒப்பிடுவதென்றால் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள். ஓரிரு டெசிபல் உரக்க ஒலிப்பதே நம் காதுக்கு நல்லதாகத் தோன்றும், அந்த ஏமாற்றில் விழ வேண்டாம். முதல் பாட்டான 'கோல்டன் ஏஜ்' பிடிபடவில்லையென்றால் இரண்டாவதாக உள்ள தலைப்புப் பாட்டுக்குப் போங்கள். லாக்ரிமோசா என்ற கோதிக் குழுவின் டீலோ வோல்ஃப் வந்து சேரும் இடத்தில் மில்லேயின் குரலும் அவர் குரலும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்று மட்டும் கேளுங்கள். அடுத்து 'பாசேஜ் டு பாபிலோன்'. பிறகு 'என்ட்ரி' என்ற சின்னத் துணுக்கிலிருந்து 'சோல் இரேசர்' வரை நிறுத்தாமல். அதற்கப்புறம் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டையும் கேளுங்கள்.

"மில்லேவுக்குப் பாடத் தெரியாது." சரி, நீண்டு நிற்க வேண்டிய இடங்களில் குரல் தளர்கிறது, மறுக்கவில்லை. பன்னிரண்டு பாட்டில் இரண்டைக் குறைத்திருக்கலாம் என்பதும் சரிதான். ஆனால் பதினைந்து வருடம் தொண்டையைக் கிழித்துக் கத்திப் பெயர் வாங்கிய ஒருவர், அந்தக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் குரலோடு வந்து நிற்கிறார். கத்தும்போது சுருதி தப்பினால் யாருக்கும் தெரியாது. பாடும்போது அத்தனையும் தெரியும். தெரியும் என்று தெரிந்தேதான் பாடினார்.

"காசுக்காக மாறினார்கள்." இதைப் படிக்கும்போதுதான் கோபம் வருகிறது. த்ராஷ் கேட்பவர்கள் கோதிக் என்றால் முகம் சுளிப்பார்கள், கோதிக் கேட்பவர்கள் க்ரியேட்டர் என்ற பெயரைப் பார்த்தே ஒதுங்குவார்கள். இரண்டு வாசலும் சாத்தியிருக்கும் தெருவில் கடை போடுவது வியாபாரத் தந்திரமா?

"அப்படியானால் வேறு பெயரில் வெளியிட்டிருக்கலாமே?" ஏன்? அந்தப் பெயர் யாருடையது? நாலு பேரும் சேர்ந்து போட்ட ஆல்பம், அதில் வென்டர் முதல் ஆல்பத்திலிருந்து டிரம்ஸில் உட்கார்ந்தவர், இடையில் போய்த் திரும்பி வந்தவர். பாஸில் கீஸ்லர். அந்தப் பெயரில் ஆல்பம் போட்டவர்கள் அவர்கள், வாங்கியவர்கள் நாம். வாங்கியதால் அவர்கள் எதைச் செய்யலாம் என்று சொல்லும் உரிமையும் நமக்கு வந்துவிட்டதா?

"அடுத்த ஆல்பத்திலேயே பழையபடி திரும்பிவிட்டார்களே, அதுவே தோல்விக்குச் சாட்சி." 2001-இல் 'வயலண்ட் ரெவல்யூஷன்' வந்தது, வேகம் திரும்பியது, உண்மை. ஆனால் அதில் கிடார்கள் இரண்டும் சேர்ந்து பாடுவதுபோல் போகும் மெட்டுகள் தொண்ணூறுகளுக்கு முன்னால் அவர்களிடம் இந்த அளவில் இருந்தனவா? 2012-இல் 'யுவர் ஹெவன், மை ஹெல்' பாட்டு கத்தலில்லாத குரலில் மெதுவாகத் தொடங்குகிறதே, அது எங்கே பழகியது? 2022-இல் 'மிட்நைட் சன்' பாட்டில் பாடகி சோஃபியா போர்டனெட் வந்து பாடினார், எல்லாரும் கைதட்டினீர்கள். விருந்தினர் குரல், பாடத்தக்க மெட்டு, இருண்ட நிறம். 1999-இல் டீலோ வோல்ஃப் வந்தபோது மட்டும் அது துரோகமா?

இந்த ஒரு ஆல்பத்துக்கு மட்டும் நடந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அதே 1999-இல் இன்னொரு த்ராஷ் குழுவான மெகாடெத்தின் 'ரிஸ்க்' ஆல்பம் வந்தது, இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். வெட்டர்லியே 1993-இல் கொரோனரோடு 'க்ரின்' போட்டார், வேகத்தைக் குறைத்து, ஒரே ரிஃபைச் சுற்றிச் சுற்றி மயக்கம் வரும்வரை இழுத்த ஆல்பம். அன்றைக்கு எத்தனை பேர் சீந்தினார்கள்? அதற்குப் பிறகு ஒரு தொகுப்பு மட்டும் வந்து, குழுவே கலைந்தது. இப்போது 'க்ரின்' ஒரு மைல்கல் என்று எழுதுகிறார்கள். எழுதுபவர்களில் சிலர் நேற்றைய பட்டியலுக்குக் கீழேயும் சிரித்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை அங்கே பார்த்தபோது மனசு வலித்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பட்டியல் போட்ட நண்பருக்கு ஒன்று மட்டும். கடைசி இடமே இருக்கட்டும், நான் இடத்தைக் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, எந்தப் பாட்டில் எது சரியாக அமையவில்லை என்று எழுதுங்கள். 'எவர்லாஸ்டிங் ஃப்ளேம்' இழுக்கிறது என்று எழுதுங்கள், 'டிரனி'யைக் கடைசியில் வைத்தது தப்பு என்று எழுதுங்கள். அதற்குக் கீழே வந்து நானும் பாட்டு பாட்டாக எழுதுகிறேன்.