தையலில் சீழ் வைப்பது பருப்பா?

"ஆபரேஷன் ஆனவங்க பருப்பு, முட்டை தொடக்கூடாது, தையல்ல சீழ் வைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. சீழ் வைப்பது கிருமி. புண் ஆறவும் இளைத்த உடம்பு தேறவும் புரதம் வேண்டும்: கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.2 முதல் 1.5 கிராம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு). வெறும் கஞ்சித்தண்ணியில் அது ஏது?

பித்தப்பை எடுத்தவர்களுக்குக் கட்டுப்பாடு கொழுப்பில்தான். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சேர்த்துவைக்கப் பை இல்லாததால், ஒரே வேளையில் நெய்யும் வறுவலுமாக உள்ளே போனால் வயிற்றுப்போக்கு வரலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. குழைந்த சாதத்தோடு 30 கிராம் பாசிப்பருப்பு மசித்தால் 7 கிராம் புரதம். இரண்டு முட்டை வெள்ளைக்கருவில் இன்னொரு 7. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளிக்கலாம், 45 கலோரி. கஞ்சியை ஆடை நீக்கிய பாலில் காய்ச்சுங்கள். வயிறு உப்பினால் பருப்பைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.