பழைய ஸ்டேஷனில் இன்னும் ரயில் ஓடுகிறது

2001-இல் நெடுந்தூர ரயில்கள் புதிய கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்குப் போனதோடு கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம் வெறும் புகைப்படப் பின்னணியாகிவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும் ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டடக் கலைஞர் ஹப்பாக் வரைந்து 1910-இல் கட்டி முடித்த வெள்ளைக் குவிமாடங்களை வெளியே நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு வேண்டுமானால் அப்படித் தோன்றலாம். கொமியூட்டர் என்ற புறநகர் ரயிலுக்கு ஒரு டிக்கெட் வாங்கி உள்ளே போய் மேடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

கொமியூட்டர் வரும், போகும். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் காத்திருப்பது சரக்கு ரயிலுக்காக. முதலில் காலடியில் சிமெண்டுத் தரை லேசாக அதிரும். பிறகுதான் சத்தம். கூரைக்கு அடியில் டீசல் புகை ஒரு கணம் தேங்கி நிற்கும். பெட்டகங்கள் ஒவ்வொன்றாகக் கடக்க, தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டும் தாளம் நெஞ்சுக்குள் கேட்கும். என்ஜின் எண் 29 என்று தொடங்கினால் அது சீனாவின் தாலியனில் செய்தது, 26 என்றால் 'ப்ளூ டைகர்' வகை என்ஜின். எங்கள் அப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். எண்களைக் குறித்துவைக்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. அவருடைய நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இப்போது என் பேரன் எழுதுகிறான்.

அடுத்த முறை எதிரே உள்ள ரயில்வே தலைமையகத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதுவும் ஹப்பாக்கின் கைவண்ணம்தான்.